உட்கார்ந்து சம்பாதித்தவள்

யாரும் அவளைத் தெருவில் இறக்கிவிடவில்லை. இதை முதலில் மண்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். "ஆபீஸ்ல ஏதோ தப்புத்தண்டா பண்ணியிருப்பா, அதான் நாற்காலியப் பிடுங்கிட்டு வெயில்ல அலையவிட்டுட்டாங்க" என்று கீழ்வீட்டுக்காரி சொல்லிக்கொண்டு திரிகிறாளே, அவள் நாக்கில் நரம்பு கிடையாது. "பொண்டாட்டிய வீடு வீடா ஏறி இறங்க அனுப்பிட்டு, இவன் பாட்டுக்கு ஏணியில நிக்கிறான் பாரு" என்று அவள் புருஷனை இழுக்கிறவர்களுக்குப் பொழுது போகவில்லை, அவ்வளவுதான். அது அவளாகப் போய்க் கேட்ட வேலை. மேலதிகாரி சிரித்தபோதும் கேட்டாள். பெற்ற தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டபோதும் விடவில்லை.

அந்தத் தீனிப் பேச்சையும் இங்கேயே முடித்துவிடலாம். அவள் தின்று பெருத்தவள் இல்லை. அவள் டப்பாவில் என்ன இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கீழ்வீட்டுக்காரி மத்தியானம் ஒரு வேளைக்குச் சாப்பிடுவதை இவள் இரண்டு வேளைக்கு வைத்துக்கொள்வாள். அப்படியும் கீழ்வீட்டுக்காரி குச்சியாக இருக்கிறாள் என்றால் காரணம் இருக்கிறது. ஊர்வம்பு பேச நாலு மாடியும் ஏறி இறங்குகிறாளே, அதைவிட உடம்புக்கு என்ன பயிற்சி வேண்டும்!

போன்காரி என்றுதான் தெருவில் அவளுக்குப் பேர். தண்ணீர் ஆபீஸில் புகார் அறை என்று ஒன்று இருந்தது. குழாய் உடைந்தால், தண்ணீர் கலங்கி வந்தால், பில் தப்பாக வந்தால், ஜனங்கள் கூப்பிட்டுத் திட்டுவதற்கென்று ஓர் அறை. ஜன்னல் கிடையாது. சுவரோரம் சுற்றிலும் மேசை, மேசைக்கு ஒரு போன், போனுக்கு ஒரு நாற்காலி, நாற்காலிக்கு ஒரு ஆள். காதில் மாட்டுகிற கருவிக்குக் குட்டையாக ஒரு வயர். எழுந்து நின்றால் வயர் காதைப் பிடித்து இழுக்கும். மேசையில் சிவப்பு விளக்கு எரிந்தால் யாரோ காத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த விளக்கு அணைந்து பார்த்தது அபூர்வம்.

அவள் குரல் அப்படி ஒரு குரல். வாய்க்கு வந்தபடி கத்திக்கொண்டு கூப்பிடுகிறவன், இவள் "சொல்லுங்க சார்" என்றதும் பாதி அடங்கிவிடுவான். ஒருவன் தன் வீட்டில் தண்ணீர் வந்த பிறகும் கூப்பிட்டானாம். "என்ன சார் புகார்?" என்றால், "புகார் ஒண்ணும் இல்லம்மா, தண்ணி வந்துருச்சுன்னு உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு" என்றானாம். போனில் கேட்கிறவர்களுக்கெல்லாம் அவள் இருபது வயசுப் பெண். ஐம்பதை நெருங்குகிறவள், நாற்காலியின் கைப்பிடிகள் இரண்டு பக்கமும் இடுப்பை நசுக்க உட்கார்ந்திருக்கிறாள் என்று எவனுக்குத் தெரியும்?

அந்த நாற்காலியைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் அவள் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா பாட்டில் கம்பெனியில் வேலை பார்த்தவள். கண்ணாடி பாட்டில்கள் பட்டையில் வரிசையாக நகர்ந்து வரும், பின்னால் வெளிச்சம் அடிக்கும், கீறல் விழுந்ததை எடுத்துப் போட வேண்டும். பட்டை நிற்காது. அதனால் அம்மாவும் நின்றாள், வாலிபம் போகும்வரை நின்றாள். ஒருமுறை கால் தாங்காமல் கவிழ்த்த பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டாள். மேஸ்திரி எல்லார் முன்னாலும் அந்தப் பெட்டியை உதைத்துத் தள்ளினான். அம்மா தரையில் விழுந்தாள். விழுந்தது அவளுக்கு வலிக்கவில்லை. பட்டையில் பாட்டில்கள் அவளைப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்ததுதான் வலித்தது என்று சொல்வாள். இன்றைக்கு அவள் கெண்டைக்கால் இரண்டிலும் நரம்பு கயிறாய்ச் சுருண்டு நிற்கிறது. காலையில் துணி சுற்றிக்கொண்டால்தான் நடக்க முடியும்.

அப்படிப்பட்டவள் மகளுக்கு நாற்காலி வேலை கிடைத்தால் என்ன செய்வாள்? மகள் சேர்ந்த அன்றைக்குக் கூடவே போனாள். வாசலில் காவல்காரனிடம் கெஞ்சி உள்ளே நுழைந்து, அந்த நாற்காலியைக் கையால் தடவிப் பார்த்தாள். சக்கரம் வைத்திருந்தது. சாய்மானம் இருந்தது. அழுத்தினால் அமுங்கியது. வீட்டுக்கு வந்து தெரு முழுக்கச் சொன்னாள்: "என் பொண்ணு உக்காந்து சம்பாதிக்கிறா."

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. வேலையிலிருந்து வந்தவளை யாரும் எழுந்திருக்க விடுவதில்லை. தண்ணீர் வேண்டுமா, அம்மா கொண்டுவருவாள், துணி சுற்றிய காலோடு. துணி மடிக்க வேண்டுமா, கூடையோடு மடியில் வந்துவிடும். கட்டிக்கொண்டு வந்தவனும் அதைப் பிடித்துக்கொண்டான். அவன் கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன், நாளெல்லாம் ஏணியில் நிற்கிறவன். ஆனாலும் வீட்டுக்கு வந்து விளக்குப் போடக்கூட அவளை விடமாட்டான். "நீ எந்திரிக்காதம்மா, நான் இருக்கேன்ல" என்பான். சில வீட்டில் புருஷன் பூ வாங்கி வருவான், சில வீட்டில் கொஞ்சிப் பேசுவான். அந்த வீட்டில் பாசம் என்றால் 'நீ எந்திரிக்காத' என்கிற பேச்சுதான். அதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் உள்ளம் குளிர்ந்தது. யாருக்குத்தான் குளிராது?

உடம்பு ஒரு நாளில் வைக்கவில்லை. சட்டை பிடித்தது, தையலைப் பிரித்துவிட்டார்கள். பஸ்ஸில் இரண்டு பேர் இருக்கையில் பக்கத்தில் உட்கார வந்தவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டு நின்றுகொண்டார்கள். வீடு இருக்கிற மூன்றாம் மாடிக்கு ஏறும்போது முதலில் ஓரிடத்தில் நின்றாள், பிறகு மாடிக்கு மாடி நின்றாள். நிற்கிற இடத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பையில் எதையோ தேடுகிற மாதிரி பாவனை செய்வாள். கீழ்வீட்டுக்காரி விடுவாளா? "என்ன போன்காரி, சாவி இன்னும் கிடைக்கலயா? தினமும் தொலைக்கிறியே!" என்பாள்.

ஆபீஸில் இன்னொரு தொல்லை. நடுவில் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து போனை எடுத்தால் மூச்சு இரைக்கும். அந்தப் பக்கம் இருப்பவனுக்கு அது அப்படியே கேட்கும். "என்னம்மா, ஓடி வந்து போன எடுக்கிறீங்களா?" என்று ஒருவன் சிரித்தான். இன்னொரு பெண் மேலதிகாரியிடம் புகாரே கொடுத்துவிட்டாள், போனில் யாரோ பெருமூச்சு விட்டுத் தன்னை அவமானப்படுத்தியதாக. குரல்தான் அவளுடைய பிழைப்பு. அதனால் எழுந்திருப்பதையே நிறுத்தினாள். தண்ணீர் குடித்தால்தானே எழுந்து போக வேண்டும் என்று அதையும் குறைத்தாள். குரல் பழையபடி ஆனது. உடம்புதான் போய்க்கொண்டிருந்தது.

பக்கத்து நாற்காலியில் ஒருவன் இருந்தான். ஒல்லிப்பிச்சான், அறையில் எல்லாரும் குருவி என்பார்கள். விடியற்காலையில் ஓடுவான், வேர்வையைப் பற்றிப் பெருமை பேசுவான். இவளைப் பார்த்து, "அக்கா, மனசு வச்சா உடம்பு இறங்கிடும்" என்று புத்தி சொல்வான். ஒரு நாள் அவனுக்கே இடுப்புப் பிடித்துக்கொண்டது, நாற்காலியிலிருந்து கோணலாக எழுந்தான். ரத்தத்தில் சர்க்கரையும் எட்டிப் பார்த்திருக்கிறது என்று டாக்டர் சொன்னாராம். ஒல்லியாக இருக்கிறவனுக்கு வராது என்று யார் எழுதி வைத்தது?

அதைக் கேட்டுத்தான் இவளும் பயந்துபோய் டாக்டரிடம் போனாள். சின்ன வயசு டாக்டரம்மா. எடை பார்த்தாள், காலை அமுக்கிப் பார்த்தாள். அமுக்கிய இடம் குழி விழுந்து அப்படியே நின்றது.

"என்ன வேலைம்மா பாக்கறீங்க?"

"போன் எடுக்கிற வேலை."

"எந்நேரமும் உக்காந்தா?"

"ஆமா. பஸ்லயும் உக்காந்துதான் போறேன். வீட்டுலயும் எந்திரிக்க விடமாட்டாங்க."

"எப்பதான் நிப்பீங்க?"

அவள் யோசித்துப் பார்த்தாள். "பஸ் ஸ்டாப்புல நிப்பேன். அங்கயும் பெஞ்சு காலியா இருந்தா உக்காந்துடுவேன்."

டாக்டரம்மா சிரித்தாள், அப்புறம் சிரிப்பதை நிறுத்தினாள். "எடை இறங்குமானு கேப்பீங்க. மெதுவாத்தான் இறங்கும், சிலருக்கு இறங்காமலும் இருக்கும். அத விடுங்க. காலையில கொஞ்ச நேரம் நடந்துட்டு, மிச்ச நேரம் பூரா அசையாம உக்காந்தா, அந்த நடை மட்டும் போதாது. அப்பப்ப எந்திரிக்கணும், அசையணும், மாடி ஏறணும். கால் மறந்துபோச்சுன்னா திரும்பச் சொல்லிக் கொடுக்கறது கஷ்டம்மா."

வீட்டுக்கு வந்து சொன்னாள். பெயிண்டர் அன்றைக்கே கிளம்பிப் போய், யாரோ வேண்டாம் என்று வைத்திருந்த, நின்ற இடத்திலேயே மிதிக்கிற சைக்கிள் ஒன்றைத் தோளில் சுமந்து மூன்று மாடி ஏற்றினான். அவனுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "வெளிய போகவே வேணாம், உக்காந்த இடத்துலயே மிதிச்சுக்கலாம்!" அம்மா அந்த இருக்கை குத்துமே என்று ஒரு தலையணையைக் கட்டிவைத்தாள். அவள் ஏறி உட்கார்ந்து நாலு மிதி மிதித்தால் போதும், அம்மா பக்கத்தில் நின்று விசிறுவாள். "போதும் கண்ணு, மூச்சு வாங்குது பாரு. நீ என்ன பாவம் பண்ணினேன்னு இந்தத் தண்டனை?" சீக்கிரமே அதில் ஈரத்துணி காயத் தொடங்கியது. நல்ல உயரம், துணிக்குத் தோதாக இருந்தது.

பூங்காவுக்கும் போய்ப் பார்த்தாள். அங்கே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி, காதில் விழட்டும் என்றே, "மெதுவாப் போகச் சொல்லுங்க, பாதை போட்டு ரொம்ப நாள் ஆகல" என்றாள். மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நடக்க வந்தவர்கள் பாதிப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், நடக்கிறவளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், அதற்கு என்ன சொல்ல! சிரிப்புக்காக மட்டும் அவள் போவதை நிறுத்தவில்லை. அசதி. காலையில் எழுந்திருக்கும்போதே முந்தின நாள் அசதி மிச்சம் இருக்கும். எந்த வேலையும் செய்யாதவளுக்கு ஏன் இவ்வளவு அசதி என்று மற்றவர்கள் கேட்டார்கள். அவளும் தன்னையே கேட்டுக்கொண்டாள். மூட்டை தூக்கிய அசதி தூங்கினால் போய்விடும். இது தூங்கினால் கூடுகிற அசதி.

இப்படி இருக்கும்போதுதான் ஆபீஸில் அந்தப் புதுச் சேதி வந்தது. புகார் அறையை மூடப்போகிறார்கள். யாருக்கும் வேலை போகாது. கம்ப்யூட்டரும் போனும் நாற்காலியும் ஆபீஸே கொடுக்கும், அவரவர் வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். முதலில் கொஞ்ச நாள் பழகிப் பார்ப்பது, பிறகு அதுவே நிரந்தரம். குருவி குதித்தான். "அக்கா, பஸ் மிச்சம், இடி மிச்சம், எந்திரிச்சு அப்படியே உக்காந்துடலாம்!"

அவளுக்கும் சந்தோஷம்தான். அவள் ஆரம்பத்திலிருந்தே வேண்டாம் என்றாள் என்று நான் சொன்னால் அது பொய். மாடி ஏற வேண்டாம் என்றதும் பாதி உயிர் வந்த மாதிரி இருந்தது.

வீட்டில் கொண்டாட்டம். பெயிண்டர் படுக்கையறையில் ஒரு மூலையை ஒழித்து, இளம்பச்சை அடித்தான். கண்ணுக்குக் குளிர்ச்சியாம். வேலை செய்கிற இடத்தில் மிஞ்சிய நல்ல பெயிண்ட், இரண்டு பூச்சு. கட்டிலிலிருந்து காலை நீட்டினால் நாற்காலி, நாற்காலியிலிருந்து எட்டிப் பிடித்தால் குளியலறைக் கதவு. தண்ணீர்க் குடத்தை அம்மா கைக்கெட்டும் முக்காலியில் வைத்தாள். வேன்காரர்கள் நாற்காலியைத் தூக்கிவந்து இறக்கினார்கள். பழைய நாற்காலியைவிட அகலம், தலை சாய்க்க இடம் இருந்தது. அம்மா அதையும் கையால் தடவிப் பார்த்தாள். "ராணி மாதிரி இருப்பே" என்றாள்.

ராணி மாதிரிதான் இருந்தாள். குரல் இதுவரை இல்லாத அளவுக்குத் தெளிவாக இருந்தது, மூச்சு இரைக்க வழியே இல்லையே! புகார் சொன்னவர்கள் எல்லாரும் இரண்டு முறை நன்றி சொன்னார்கள். சாப்பாடு மேசைக்கு வந்தது. சாயங்காலம் கட்டிலுக்குச் சாய்ந்தாள். வாசல் கதவுப் பக்கம் போகவே இல்லை, போக ஒரு காரணமும் இல்லை. செருப்பு வைத்த இடத்திலேயே தூசி பிடித்தது.

அப்படி இருந்த ஒரு மத்தியானம் மின்சாரம் போனது. போனும் செத்தது. சும்மா இருக்கிறோமே, குப்பையைக் கீழே போட்டுவிட்டு வருவோம் என்று அவளுக்குத் தோன்றியது. அம்மா குளித்துக்கொண்டிருந்தாள், அதனால் தடுக்க ஆள் இல்லை. குப்பைப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். பாதிப் படியில் முட்டி நடுங்கத் தொடங்கியது. ஒரு நிமிஷம் உட்காரலாம் என்று படியில் உட்கார்ந்தாள்.

எழுந்திருக்க முடியவில்லை.

வலி என்று சொல்ல முடியாது. கம்பியைப் பிடித்து இழுத்தாள், கை இழுத்தது, கால் கேட்கவில்லை. சுவரில் முதுகை வைத்துத் தள்ளினாள். தொடை நடுங்கியது, அவ்வளவுதான். சொந்தக் கால் இரண்டும் வேறு யாருடையதோ மாதிரி படியில் கிடந்தன.

"அம்மா!" என்று கூப்பிட்டாள்.

அம்மா தலையில் துண்டோடு வெளியே வந்து மேல்படியில் நின்றாள். காலில் துணி சுற்றவில்லை, குளித்த ஈரம். ஒரு படி இறங்கிப் பார்த்தாள், நரம்பு சுண்டி இழுக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "எந்திரி கண்ணு" என்றாள். அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து எத்தனை காலமோ!

"முடியலம்மா."

"கையக் கொடு."

கை எட்டவில்லை. நடுவில் அரைப் படிக்கட்டு இருந்தது. மேலே இருக்கிறவளால் இறங்க முடியாது, கீழே இருக்கிறவளால் ஏற முடியாது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அம்மாவின் வெறும் கால்களைக் கீழேயிருந்து அவ்வளவு நேரம் பார்த்தது அவளுக்கு அதுதான் முதல் தடவை. நீலமும் கறுப்புமாக, முடிச்சு முடிச்சாக. தன் காலைப் பார்த்தாள். வெளுத்து, உப்பி, முடிச்சே இல்லாமல் இருந்தது.

கடைசியில் வந்தவள் யார் தெரியுமா? கீழ்வீட்டுக்காரிதான். அவளுக்குச் சேர வேண்டியதைச் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அக்குளில் கை கொடுத்து, "ஏறு, ஏறு, உன்னத் தூக்குறதுக்குள்ள என் உசுரு போயிடும், அப்புறம் அதுக்கும் உன் ஆபீசுக்குத்தான் போன் பண்ணணும்" என்று திட்டித் திட்டி மேலே கொண்டுபோய் விட்டாள். பிறகு போய் எல்லா வீட்டிலும் சொன்னாள், போன்காரி படியில் உருண்டு கிடந்தாள் என்று. செய்த நல்லதை அன்றைக்கே அவளே கெடுத்துக்கொண்டாள்.

மறுநாள் அவள் ஆபீஸுக்குப் போனாள். பெயிண்டர் கையைப் பிடித்துப் பஸ் ஏற்றிவிட்டான். எதற்கு என்று அவனிடம் சொல்லவில்லை.

மேலதிகாரி நல்ல மனுஷன்தான், அவசரக்காரன். "வீட்டுல இருந்து பாக்க முடியாதா? ஏம்மா, எல்லாரும் அதத்தானே கேக்கறாங்க! அறையில மேசையெல்லாம் கழட்டியாச்சு. இனி நாற்காலி வேலைன்னா வீட்டுல மட்டும்தான்."

"நாற்காலி இல்லாத வேலை இருக்கா சார்?"

"மீட்டர் பாக்கற வேலை இருக்கு." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். தெருத்தெருவாகப் போய், குழிமூடியைக் கொக்கியால் தூக்கி, தண்ணீர் மீட்டரில் ஓடியிருக்கிற எண்ணைப் பார்த்து எழுதுகிற வேலை. வாலிபப் பையன்களே ஒரு வெயில் காலம் தாங்காமல் ஓடிப்போகிற வேலை.

"அதக் கொடுங்க."

"உங்களுக்கா? மாடி இருக்கும், சந்து இருக்கும், நாய் துரத்தும்மா."

"துரத்தட்டும்."

"ஓடுவீங்களா?"

"ஓட மாட்டேன். நின்னு 'சொல்லுங்க சார்'ம்பேன். கத்திக்கிட்டு வந்தவங்க எத்தன பேரு அதுல அடங்கியிருக்காங்கன்னு உங்களுக்கே தெரியும்."

அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "விளையாட்டு இல்லம்மா. உங்க நாற்காலிய வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன், அதுக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க. மீட்டர் வேலை ஒரு மாசம் பாத்துட்டு முடியலன்னா இதுவும் இல்ல, அதுவும் இல்ல. வீட்டுல கேட்டுட்டு வாங்க."

"கேட்டா வேணாம்னுதான் சொல்லுவாங்க சார். அதான் கேக்காம வந்தேன்."

வீட்டில் சொன்னபோது பெயிண்டர் பச்சைச் சுவரைப் பார்த்தான். "ரெண்டு பூச்சு அடிச்சேனே" என்றான். சுவரைக் கையால் தடவிக்கொண்டே, "முடியாமப் போச்சுன்னா?" என்றான்.

"முடியாமத்தான் போகும் போலங்க. இங்கயே இருந்தாலும் முடியாமத்தான் போகும். அங்க போய்ப் போகட்டும்."

அம்மாதான் வெடித்தாள். அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். "உனக்கு மூளை கலங்கிப்போச்சாடி? நான் எதுக்கு நின்னேன்? சொல்லு, எதுக்கு நின்னேன்? நீ நிக்கக் கூடாதுன்னுதானே நின்னேன்! அந்தப் பெட்டிய அவன் உதைச்சப்ப என்ன நினைச்சேன் தெரியுமா? என் பொண்ண ஒருத்தனும் எந்திரின்னு சொல்லக் கூடாதுன்னு நினைச்சேன். இப்ப நீயே போய், என்ன எந்திரிக்க வைங்கன்னு கேட்டுட்டு வந்திருக்க."

"உன் காலு நின்னு போச்சும்மா, என் காலு உக்காந்து போகுது. ரெண்டும் துணி சுத்திக்கத்தான் வந்து சேருது. படியில பாத்தேல்ல?"

"தெருவுல போற வர்றவன்லாம் சிரிப்பான்."

"போன்ல திட்டினாங்க, கேட்டுக்கிட்டேன். இதையும் கேட்டுக்கறேன்."

"என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது."

"பாக்காத. நான் நடக்கறப்ப நீ வீட்டுலதானே இருப்பே."

அதற்குமேல் அம்மா பேசவில்லை. அன்றைக்கும் பேசவில்லை, அடுத்தடுத்த நாளும் பேசவில்லை. சாப்பாடு மட்டும் முன்னால் வந்து உட்கார்ந்தது, டொக்கென்று. பெயிண்டர் நடுவில் மாட்டிக்கொண்டு, "அத்தை, உப்பு கேக்குறா" என்று இந்தப் பக்கமும், "அத்தை மருந்து சாப்பிட்டாச்சானு கேக்குறாங்க" என்று அந்தப் பக்கமும் செய்தி சுமந்தான். அம்மா கோபத்தில் மட்டும் இருந்தாள் என்று நினைக்காதீர்கள். வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைத்து ஒரே ஒரு பரிசு கொடுத்தவள். அது விஷம் என்று மகள் திருப்பிக் கொடுத்தால் அவள் எங்கே போய் நிற்பாள்?

கிளம்ப வேண்டிய நாள் வந்தது. நாற்காலியை எடுத்துப்போக அன்றைக்குத்தான் வேன் வருவதாக இருந்தது. அம்மா காலையிலேயே அதில் போய், சுவரைப் பார்த்துத் திருப்பி உட்கார்ந்துகொண்டாள். பெயிண்டர் வேலைக்குப் போயிருந்தான். போவதற்குமுன் புது ஷூவைக் கட்டிலோரம் வைத்துவிட்டு, "நான் கட்டிவிட்டுட்டுப் போகட்டுமா?" என்று கேட்டான். இவள்தான் வேண்டாம் என்றாள்.

அவள் ஆபீஸ் கொடுத்த சட்டையைப் போட்டாள். பொத்தான் வயிற்றில் இழுத்துப் பிடித்தது. குழிக்குள் பார்க்க ஒரு சின்ன டார்ச், மூடியைத் தூக்க இரும்புக் கொக்கி, ஒரு பை. கட்டிலில் உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தாள். வயிறு இடித்தது, மூச்சு முட்டியது. நிமிர்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி குனிந்தாள். ஒரு ஷூவைக் கட்டி முடிப்பதற்குள் முகமெல்லாம் வேர்த்துவிட்டது. இன்னொன்று கிடந்தது. அந்த நேரத்தில் அவளுக்கு அழுகை வந்தது, உள்ளதைச் சொல்ல வேண்டும். கட்டிலில் சாய்ந்துவிட்டால் என்ன? வேன் வரவில்லை இன்னும். போன் ஒன்று போட்டால் மேலதிகாரி சிரித்துக்கொண்டே நாற்காலியை விட்டுவிடுவார். எல்லாரும் மகிழ்ச்சியாக இருப்பார்கள். அவளுக்கும் கொஞ்ச நாளைக்குச் சுகமாகத்தான் இருக்கும்.

இன்னொரு ஷூவையும் கட்டினாள். முடிச்சு கோணலாக விழுந்தது, அப்படியே விட்டாள். இரண்டு கையையும் கட்டிலில் ஊன்றி எழுந்தாள். பையைத் தோளில் மாட்டினாள். கூடத்தைத் தாண்டி வாசல்வரை வந்து, கதவைத் திறந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்லிக்கொண்டு போவதா, சொல்லாமல் போவதா என்று தெரியவில்லை.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. நாற்காலி திரும்பவில்லை, குரல் மட்டும்தான்.

"ஒரே கால்ல பாரத்தப் போட்டு நிக்காத. மாத்தி மாத்தி நில்லு."

அவள் நிலையைப் பிடித்த கையை எடுத்தாள்.

"நிக்கறப்ப முட்டிய விறைப்பா வைக்காத. கொஞ்சம் தளர விடு. குதிகாலத் தூக்கித் தூக்கி இறக்கு, ரத்தம் ஓடும். எங்களுக்கு யாரும் சொல்லல, நாங்களா கண்டுபுடிச்சப்ப நேரம் தாண்டிப்போச்சு." மூக்கை உறிஞ்சினாள். "மூடி தூக்கறப்ப இடுப்ப வளைக்காத, உக்காந்து தூக்கு. எந்திரிக்க முடியலன்னா யாரையாவது கூப்பிடு. வெக்கப்படாத."

"சரிம்மா."

"போ, வெயில் ஏறுது."

அவள் படியில் கால் வைத்தாள். கதவைச் சாத்தவில்லை. சாத்தத் திரும்பினால் அந்தப் பச்சை மூலை தெரியும், தெரிந்தால் உள்ளே போய்விடுவோம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பையை அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்துச் சேர்த்து வைத்து இறங்கினாள். முட்டி நடுங்கியது. நின்றாள், பாரத்தை மற்றக் காலுக்கு மாற்றினாள், மறுபடி இறங்கினாள். இரண்டாம் மாடித் திருப்பத்துக்கு வந்தபோது, மேலே யாரோ காலை இழுத்து இழுத்து நடந்து வருகிற சத்தமும், கதவு மெல்லச் சாத்தப்படுகிற சத்தமும் கேட்டன.